புதுப்பிப்பு: வீட்டுக்குள் வளரும் ஆர்க்கிட்டுக்குத் தொட்டியா, மரப்பட்டையா?

வீட்டுக்குள் வளரும் என் பலேனாப்சிஸ், டென்ட்ரோபியம் லிண்ட்லேயி ஆகிய இரு ஆர்க்கிட் செடிகளை மரப்பட்டையில் கட்டுவதா, தொட்டியில் வைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இரண்டுமே இயற்கையில் மரங்களைப் பற்றி வளர்பவைதாம். ஆனால் காட்டில் அவற்றின் வேர்களைச் சூழ்ந்திருக்கும் ஈரக்காற்று மூடிய அறையில் கிடைப்பதில்லை. குளிரூட்டியோ வெப்பமூட்டியோ இயங்கும் இடத்தில் பட்டையில் கட்டிய வேர் மிக விரைவில் உலர்ந்துவிடும். பலேனாப்சிஸுக்கு நீரைச் சேமிக்கும் பருத்த தண்டு கிடையாது. தடித்த இலைகளும் வேர்களுமே அதன் கையிருப்பு. ஆகவே அதைப் பருமனான பட்டைத் துண்டுகள் நிரப்பிய, ஒளி ஊடுருவும் தொட்டியில் வைத்துவிட்டேன். வேர் வெள்ளி நிறமானால் நீர் தேவை, பச்சையாக இருந்தால் பொறுக்கலாம் என்று வெளியிலிருந்தே தெரிவது பெரிய நிம்மதி.

லிண்ட்லேயி தண்டில் நீரைச் சேமிப்பதாலும், குளிர்காலத்தில் வறண்ட ஓய்வை விரும்புவதாலும், வேர் விரைவாக உலர்வது அதற்கு நன்மையே. புது வேர் முனைகள் தோன்றும்வரை காத்திருந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசி சிறிதளவுடன் கார்க் பட்டையில் அசையாமல் கட்டினேன். செடி ஆடினால் மென்மையான வேர் நுனி தேய்ந்து, பிடிப்பே கிடைக்காது. வளரும் பருவத்தில் அநேகமாக நாள்தோறும் நனைக்க வேண்டியிருக்கும்; அதற்கு நேரமில்லாதவர்கள் இதையும் சிறு தொட்டியிலேயே வளர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேர்கள் பட்டையை நன்றாகப் பற்றிய பிறகே கட்டை அவிழ்ப்பேன்.