பதில்: புரவி எடுப்பு வீடியோ, 1,800 வெள்ளி வசூல்

எல்லாருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணே, நீங்க போட்ட மெயில் பாத்தேன். சிங்கப்பூர்ல இருக்க நம்ம ஊர்ச் சங்க வெப்சைட்ல, அய்யனாருக்கு மண் குதிரை எடுக்குற புரவி எடுப்புத் திருவிழா வீடியோ ஓட மாட்டேங்குது, அதனால வருசத்துக்கு 1,800 வெள்ளி கட்டி பெரிய சர்வர் எடுக்கணும், தலைக்கு 30 வெள்ளி மாசக் கடைசிக்குள்ள குடுத்துருங்கன்னு எழுதிருக்கீங்க. தயவு செஞ்சு யாரும் இப்ப காசு அனுப்ப வேண்டாம். சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல, கோளாறு ஃபைல்ல. வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பொழப்பு, அதனால தெரிஞ்சு சொல்றேன்.

ஊருக்குப் போயிருக்க எங்க அக்கா மகன் நேத்து போன் பண்ணான். அப்பத்தாவுக்குக் காட்டலாம்னு பழைய போன்ல திறந்தா குலவை கேக்குது, தப்பு அடிக்கிறது கேக்குது, படம் மட்டும் கறுப்பா நிக்குது. அப்பத்தா பாவம், கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துச்சாம். திரும்பத் திரும்பத் திறந்ததுல அன்னைக்குள்ள 1.5 ஜிபி டேட்டாவும் காலி. துவாஸ் டார்மிட்டரில இருக்க நம்ம பயலுகளுக்கு வேற பிரச்சனை, அங்க படம் வருது, கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஈசூன்லயும் உட்லண்ட்ஸ்லயும் வீட்டு ஃபைபர்ல பாக்குறவங்களுக்கு மட்டும் நல்லா ஓடுது. கமிட்டில இருக்கவங்க எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க.

நான் ஃபைல இறக்கிப் பாத்துட்டேன். வீடியோக்காரர் பென் டிரைவ்ல குடுத்தத அப்படியே ஏத்தி வச்சிருக்கோம், நெல்ல அவிக்காம குத்தாம எலைல கொட்டுன மாதிரி. 40 நிமிசம், 4கே, எச்.265ங்கிற சுருக்குற முறை, செகண்டுக்கு 50 மெகாபிட். 2,400 செகண்ட 50ஆல பெருக்கி 8ஆல வகுங்க, 15,000 மெகாபைட், அதாவது 15 ஜிபி. ஊர்ல தினம் 1.5 ஜிபி பேக் போட்டவன் இத முழுசாப் பாக்க பத்து நாள் டேட்டா வேணும். சர்வர எவ்வளவு பெருசா எடுத்தாலும் அவன் போனுக்கு வர வேண்டியது அதே 15 ஜிபிதான.

கறுப்புத் திரைக்குக் காரணம் எச்.265. அது 2013ல வந்தது, அதுக்கு முந்தினது எச்.264, அது 2003ல. புதுசுல அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி சைஸ் போதும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா பேட்டன்ட் லைசென்ஸ் இழுபறில பல ப்ரௌசர்காரங்க ரொம்ப வருசம் அதத் தொடல. கம்ப்யூட்டர் குரோம்லயே 2022 கடைசிலதான் வந்துச்சு, அதுவும் மிசின்ல அதுக்கான சிப் இருந்தாத்தான். சத்தம் ஏஏசிங்கிற வேற முறைல இருக்கு, அத எல்லாமே திறக்கும். சத்தம் வருது படம் வரலன்னா முக்காவாசி நேரம் இதுதான். எச்.264, 8 பிட், எம்பி4 இப்படிக் குடுத்தா அப்பத்தா கைல இருக்க போன்ல இருந்து டீவி வரைக்கும் ஓடும்.

இன்னொண்ணு, எம்பி4 ஃபைலுக்குள்ள எந்தக் காட்சி எங்க இருக்குன்னு ஒரு அட்டவணை இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் பல நேரம் அதக் கடைசில எழுதி விட்டுரும். ப்ரௌசர் அட்டவணையத் தேடி ஃபைலோட கடைசிக்குப் போகணும், அப்படித் தாவ விடாத சர்வரா இருந்தா முழுசும் இறங்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இத முன்னாடி கொண்டுவர ஹேண்ட்பிரேக்ங்கிற சாஃப்ட்வேர்ல வெப் ஆப்டிமைஸ்டுன்னு ஒரு டிக், எஃப்எஃப்எம்பெக்ல ஃபாஸ்ட்ஸ்டார்ட்னு ஒரு சொல். படத்தோட தரம் ஒரு புள்ளி குறையாது. ரெண்டு சாஃப்ட்வேரும் இலவசம்.

சைஸக் குறைக்கிறதுலதான் வேலை இருக்கு, ஏன்னா நம்ம திருவிழா கம்ப்ரசனுக்கு ரொம்பக் கஷ்டமான படம். வீடியோவச் சுருக்குற என்கோடர் சில செகண்டுக்கு ஒருக்கா ஒரு முழு ஃப்ரேம எழுதும், நடுவுல உள்ளதுக்கெல்லாம் முந்தின ஃப்ரேம்லேருந்து எது மாறுச்சு, எது நகந்துச்சுன்னு மட்டும் எழுதும். மேடைல ஒருத்தர் நின்னு பேசுனா செலவே கிடையாது. குதிரைப் பொட்டல்லேருந்து புரவியத் தோள்ல தூக்கிட்டு ஓடி வர்ற இடத்தப் பாருங்க, புழுதி, கலர்ப் பேப்பர், நூறு தலை ஆடுது, கேமராவும் கூடவே ஓடுது. அங்க முந்தின ஃப்ரேம்லேருந்து எடுத்துக்க எதுவும் மிச்சம் இல்ல. படத்த 1080 வரி உயரத்துலயே வச்சு செகண்டுக்கு 800 கிலோபிட்னு கட்டிப் பாத்தேன், புழுதி பூரா சதுரம் சதுரமா உடைஞ்சு போச்சு, புரவியோட கழுத்து மணி தெரியல. அதே 800ஐ 480க்குக் குடுத்தா கொஞ்சம் மங்கல், ஆனா உடையல. பிட் கம்மியா இருந்தா ரெசல்யூசனக் குறைக்கணும், பெரிய படத்த வச்சுக்கிட்டு பட்டினி போடக் கூடாது.

அதனால நிலையான பிட்ரேட் போடல, சிஆர்எஃப்ல விட்டேன். ஹேண்ட்பிரேக்ல ஆர்எஃப்னு இருக்கும். தரத்த நாம சொல்றோம், புழுதிக்கு எவ்வளவு, மேடைக்கு எவ்வளவுன்னு அதுவே பிரிச்சுக்கும். நம்பர் கூடினா சைஸ் குறையும், 6 கூட்டுனா ஏறக்குறைய பாதி. 720ல 23 வச்சு சத்தத்தோட சேத்து 580 எம்பி வந்துச்சு. 480ல 250 எம்பி. நேரம் ஆனாலும் பரவால்லன்னு ஸ்லோ வச்சேன், ராத்திரி போட்டுட்டுப் படுத்துட்டேன். ரெண்டையும் வெப்சைட்ல வச்சு ஆளுக்கு எது வேணுமோ அழுத்திக்கட்டும். பக்கத்தத் திறந்த ஒடனே இறங்க ஆரம்பிக்காம, பிளே அழுத்துனா மட்டும் ஓடுற மாதிரி ப்ரீலோட நிறுத்திரணும். புரவி வர்ற பகுதி மட்டும் டிரையல் லிங்க் தனியா அனுப்பிருக்கேன், போன்ல பாத்துச் சொல்லுங்க.

மச்சுவீட்டுச் சின்னவன், உட்லண்ட்ஸ்

*

தம்பி, நீ சொல்றது சரியாத்தான் படுது, ஆனா எனக்குக் கணக்கு வேணும். போன வருசம் வெப்சைட்டுக்குன்னு 420 வெள்ளி போயிருக்கு, ரசீது இன்னும் என் கைக்கு வரல. வீடியோக்காரருக்குக் குடுத்ததுல ட்ரோனுக்குத் தனியா காசு போட்டிருக்காங்க, அந்த ட்ரோன யாரு சொன்னா, எந்தக் கூட்டத்துல முடிவாச்சுன்னு நான் மூணு மெயில் போட்டும் பதில் இல்ல. இப்ப இருக்க சர்வர்லயே மாசம் எவ்வளவு டேட்டா போகலாம், உன் ஃபைல் எவ்வளவு தின்னும், அத மட்டும் எழுது. மத்ததக் கூட்டத்துல பேசிக்கிறேன்.

பொருளாளர்

*

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த மெகாபிட் கதையெல்லாம் தெரியாது. புரவி செய்யச் சொல்லிப் பிடிமண் குடுத்த நாள்லேருந்து விரதம் இருந்து, சூளைல புரவி செய்யுற வேளார் கூட ராத்தூக்கம் முழிச்சு, எடுத்த புரவி அது. பக்கத்து ஊர்க்காரன் அவன் மாட்டு வண்டிப் பந்தயத்தையே 4கேல போட்டிருக்கான். நாம அய்யனார் புரவியச் சுருக்கி மங்கலாக்கிப் போடுறதா? காசு பத்தலன்னா நான் தனியா குடுக்குறேன். கோயில் கதவுக்கு மரம் இல்லன்னு கைய விரிச்சப்ப யாரு குடுத்தாங்கன்னு மேலவீட்டுக்காரங்களக் கேளுங்க. அவங்க வீட்டுப் பயதான வெட்டி ஒட்டுனது, எங்க பங்காளிக அரிவா எடுத்து வர்ற இடம் மொத்தமும் வீடியோல காணோம். அதுக்கு எந்த சாஃப்ட்வேர் காரணம்?

பெரியப்பா, சுங்கை காடுட்

*

டிரையல் பாத்தேன் தம்பி, புதுப் போன் எனக்கு, ரெண்டுமே ஓடுது. அயித்தைக்கு ஒரு சந்தேகம். எங்க ஐயா சாமியாடுன 94 புரவி எடுப்பு கேசட் என்கிட்ட இருக்கு, பழைய விஎச்எஸ். தோ பாயோ வீட்லேருந்து மாறி வந்தப்பவும் தூக்கிட்டு வந்துட்டேன். அதுல கண்மாய் நெறஞ்சு கிடக்கும், கரைல ஒத்தப்பனை நிக்கும், இப்ப போனா அந்தப் பனை இருந்த இடத்துல செல் டவர் நிக்குது. ஐயா நெத்தில துண்ணூறு அப்பிக்கிட்டு கேமராவப் பாத்து ஒரு முறை முறைக்கும், எனக்கு அந்த ஒரு இடம் போதும். அதையும் இப்படி வெப்சைட்ல போட முடியுமா? உபயதாரர் பேர் படிக்கிறப்ப எங்க வீட்டுக்காரர் பேர விட்டத நான் மறக்கல, அத இங்க எழுத வேணாம்னு பாக்குறேன், ஆனா மறக்கல.

வடக்குத்தெரு அயித்தை

*

பொருளாளர் அண்ணே, இப்ப இருக்க பேக்கேஜ்ல மாசம் 500 ஜிபி வரைக்கும் போகலாம், செயலாளர் அண்ணன் அனுப்புன பில்லுலயே இருக்கு. 300 பேர் 720ல முழுசாப் பாத்தா 174 ஜிபி. எல்லாரும் 480னா 75 ஜிபி. இப்ப இருக்க ஃபைல அதே 300 பேர் பாத்தா 4,500 ஜிபி, அதான் அந்தக் கம்பெனி பெரிய பேக்கேஜ் எடுங்கன்னு சொல்லிருக்கு. நம்ம 300 பேருக்கு இருக்க பேக்கேஜே தாராளம்.

யூட்யூப்ல போட்றலாமேன்னு ரெண்டு பேர் தனியாக் கேட்டாங்க. அது தானே பல சைஸ்ல மாத்திக்கும், காசும் இல்ல. ஆனா நம்ம வீடியோல பாதி நேரம் ரேடியோ செட்ல சினிமாப் பாட்டு ஓடுது, யூட்யூப் பாட்ட அடையாளம் கண்டு பிடிச்சா விளம்பரக் காசு உரிமக்காரங்க பேருக்குப் போயிரும், சில நேரம் அந்த இடத்துல சத்தத்தையே நிறுத்திரும், இல்ல வீடியோவையே மறைச்சிரும். குலவை சேந்து போயிருச்சுன்னா யாருக்கு நட்டம்.

பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க. 4கேய அழிக்கச் சொல்லல, அழிக்கவே கூடாது. ஒரு தடவ சுருக்குனதுலேருந்து பழைய தெளிவு திரும்ப வராது, சுருக்குனத மறுபடி சுருக்குனா இன்னும் கெடும், வாட்சாப்ல சுத்துற கல்யாண வீடியோவப் பாருங்க தெரியும். அதனால ஒரிஜினல் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ரெண்டு வேற வேற வீட்ல இருக்கணும். பொங்கல் ஒண்ணுகூடல்ல பெரிய திரைல அதத்தான் போடணும், புழுதி ஒவ்வொரு துகளும் தெரியும். போன் திரைல 720க்கு மேல போறதுல கண்ணுக்குப் பெருசா வித்தியாசம் இல்ல. ஊர்ல உங்க மருமகளே பாக்க முடியாத வீடியோவால ஊருக்கு என்ன பெருமை, நீங்களே சொல்லுங்க. அரிவா எடுத்து வர்ற இடம் வீடியோக்காரர்ட்ட வெட்டாத ஃபைல்ல இருக்கும், நான் கேட்டு வாங்கிச் சேத்துடுறேன். மேலவீட்ல பேச வேண்டியத நீங்க நேர்ல பேசுங்க.

அயித்தை, அந்த கேசட்ட முதல்ல நீங்க எந்த பிளேயர்லயும் போட்டுறாதீங்க. சிங்கப்பூர் ஈரத்துக்கு டேப்ல வெள்ளையா பூஞ்சை புடிச்சிருந்தா ஹெட்டுல ஒட்டி டேப்பையே கிழிக்கும். மூடியத் தூக்கி டேப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் சுத்தம் பண்ற ஆளுகிட்ட காட்டுறேன். அது நம்ம ஊர்ல இருந்த பால் (PAL)ங்கிற டீவி முறை, செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒத்தை வரி ரெட்டை வரின்னு ரெண்டு பாதியா இருக்கும். அப்படியே வெப்ல போட்டா ஐயா கையத் தூக்குற இடத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வரும், அந்தக் கோட்ட நீக்குற டீஇன்டர்லேஸ் பண்ணுனாத்தான் சரியா வரும். பழைய டீவியோட 4:3 அளவுலயே விட்டுருவோம், அகலமா இழுத்தா ஐயா குண்டாயிருவாரு. பெருசாக்குனாலும் புதுசா ஒண்ணும் தெரியாது, டேப்ல இருக்கதுதான் இருக்கும். ஆனா அந்த முறைப்பு வரும், அது உறுதி. ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் வந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.

சின்னவன்

*

அண்ணே துவாஸ்லேருந்து. 480 லிங்க் நிக்காம ஓடுச்சு, ரூம்ல எட்டு பேர் சேந்து பாத்தோம். நாங்க யாரும் இந்தத் தடவ லீவு கெடைக்காம ஊருக்குப் போகாதவங்க. புரவிக்குக் கண் திறக்குற இடம் டிரையல்ல இல்ல, அது எப்பண்ணே வரும்.

*

சரி. 1,800 வெள்ளி வசூல இப்பவே நிறுத்துறோம், செயலாளர்கிட்ட பேசிட்டேன். ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்க கோட்டேசன் அனுப்பு தம்பி, ரசீதோட. ஏற்கனவே 11 பேர் அனுப்பிட்டாங்க, 330 வெள்ளி கைல இருக்கு. திருப்பித் தரணுமா, அடுத்த பிடிமண் கணக்குல வைக்கணுமான்னு அந்த 11 பேரும் தனித்தனியா எழுதுங்க, வாய்ல சொல்றத நான் எடுத்துக்க மாட்டேன். ட்ரோன் கேள்விக்குப் பதில் இன்னும் வரல.

பொருளாளர்