முகில் கூடினால் பூமி குளிராதா?

உரும்பிராய்ப் பொடியன்:
வளியில் காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் பூமி கடைசியில் 2.5 முதல் 4 பாகை வரை சூடாகலாம் என்கிறது ஐநாவின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. ஏன் இவ்வளவு இடைவெளி? முகில்தான் காரணமாம். ஆனால் சூடு கூடினால் கடல்நீர் கூடுதலாக ஆவியாகும், முகில் பெருகும், வெயில் மறையும், பிறகு பூமி தன்பாட்டில் குளிர வேண்டியதுதானே? எங்கே பிழைக்கிறது?

மாரித்தவளை:
தம்பி, ஆவி கூடினால் முகிலும் கூடும் என்ற இடத்திலேயே பிழைக்கிறது. ஒரு பாகை சூடேறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், ஆகவே ஆவி கூடினாலும் அது துளியாக ஒடுங்க வேண்டும் என்றில்லை. அப்புறம், எல்லா முகிலும் ஒன்றல்ல. தை மாதத்தில் வானம் வெளித்த இரவில் பனி கொட்டும், மப்பாக இருந்தால் அவ்வளவு குளிராது, கவனித்திருப்பீர்கள். நிலத்திலிருந்து போகும் வெப்பத்தை முகில் மறித்துத் திருப்பி அனுப்புகிறது. பகலில் அதே முகில் வெயிலைத் தெறிக்க விடுகிறது. உயரத்து மெல்லிய கீற்று முகில் பெரும்பாலும் சூடாக்கும், தாழ்வான தடித்த முகில் குளிர்விக்கும். மொத்தத்தில் இப்போது குளிர்விப்பதுதான் மேல், சதுர மீற்றருக்குச் சுமார் 20 வாற்று.

தோட்டக்காரன்:
அப்படியென்றால் நல்லதுதானே, பிறகென்ன பயம்?

மாரித்தவளை:
இப்போது குளிர்விக்கிறது, சரி. சூடேறினால் அந்தக் குளிர்விப்பு கூடுமா குறையுமா என்பதுதான் கேள்வி. பெரு, கலிபோர்னியா, நமீபியா கரைகளுக்கு அப்பால் கடலின்மேல் பாய் விரித்த மாதிரித் தாழ்ந்த முகில் கிடக்கிறது. கடல் சூடேற மேலேயுள்ள உலர்ந்த காற்று அதற்குள் கூடுதலாகக் கலந்து அதை ஐதாக்கும், வெயில் நேரே கரிய கடல்நீரில் விழும். உயரத்து முகிலோ இன்னும் மேலே ஏறி வெப்பத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். இரண்டுமே சூட்டைக் கூட்டும் பக்கம்தான்.

கோண்டாவில் அக்கா:
கணினி மாதிரிகளின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், ஒரு கட்டம் 100 கிலோமீற்றர் அளவில் இருக்கும். எங்கள் குடாநாடே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். சில நூறு மீற்றர் அகல முகிலை அதற்குள் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு குழுவும் தனக்குச் சரியென்று பட்ட சூத்திரத்தைப் போடுகிறது, விடைகள் அங்கேதான் பிரிகின்றன.

தோட்டக்காரன்:
ஊகம்தான் என்று சொல்லுங்கோவன்.

கோண்டாவில் அக்கா:
இல்லை அண்ணை. 1979இல் அமெரிக்க விஞ்ஞானி சார்னியின் குழு சொன்னது 1.5 முதல் 4.5 பாகை வரை, நாற்பது வருடமாக அந்த இடைவெளி பெரிதாகக் குறுகவில்லை என்பது உண்மை. ஆனால் செய்மதி அளவீடுகளையும் பழைய காலநிலைச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து 2021இல் கீழ் எல்லையையே 2.5க்கு உயர்த்திவிட்டார்கள். முகில் எங்களைக் காப்பாற்றும் என்ற பக்கம்தான் அடிபட்டது. 2024இல் ஏவிய எர்த்கெயார் செய்மதி ரேடாராலும் லேசராலும் முகிலை அடுக்கடுக்காக அளக்கிறது, அதன் தரவு மேல் எல்லையைத் தெளிவாக்க உதவலாம்.

உரும்பிராய்ப் பொடியன்:
நன்றி அக்கா. இதை வைத்து எங்கள் மாரி மழை கூடுமா குறையுமா என்று சொல்லலாமா?

மாரித்தவளை:
முடியாது தம்பி. இது முழுப் பூமியின் சராசரிச் சூட்டுக் கணக்கு. வடகீழ்ப் பருவமழைக்கு வங்காள விரிகுடாவின் சூடு, தாழமுக்கம், காற்றின் திசை என்று வேறு கணக்கு, அதற்குத் தனித் திரி தொடங்குங்கள்.