புளுவா பிரபு ஸ்டீபன் கோழைதானா?

கேள்வி:
இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மகள் அடேலாவை மணந்தவரான பிரெஞ்சுப் பிரபு ஸ்டீபன், 1098 ஜூனில் அந்தியோக்கியா நகரம், எருசலேமைக் கைப்பற்றப் புறப்பட்ட முதல் சிலுவைப் படையின் வசமாவதற்குச் சற்று முன்னதாக முற்றுகையை விட்டு வெளியேறினார். கோழை என்ற பெயர் அன்றிலிருந்து அவரை விடவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் மனைவிக்கு எழுதிய கடிதத்திலோ, மற்ற பிரபுக்கள் தம்மைத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததாகப் பெருமையுடன் குறிப்பிடுகிறார். இவ்விரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

மறுமொழி 1:
முற்றுகை 1097 அக்டோபரில் தொடங்கியது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். குளிர்காலப் பஞ்சத்தில் ஆட்களும் குதிரைகளும் மடிந்தபோது, மக்களைத் திரட்டி அழைத்துவந்த துறவி பீட்டரே தப்பியோட முயன்று பிடிபட்டார். ஸ்டீபன் உடல்நலமில்லை என்று சொல்லி அருகிலிருந்த அலெக்சாந்திரெட்டா துறைமுகத்துக்குச் சென்றார். பின்னர் அவர் நிலைமையை அறிய வந்தபோது, மோசூல் ஆட்சியாளர் கெர்போகாவின் கூடாரங்கள் நகரைச் சூழ்ந்திருப்பதைக் கண்டு, அதற்குள் நகரைப் பிடித்து உள்ளே இருந்த சிலுவைப் படையினர் தொலைந்தார்கள் என்று முடிவு கட்டினார். அந்தக் காட்சியைக் கண்ட எவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மறுமொழி 2:
அதை ஏற்கலாம்; ஆனால் அவர் சும்மா ஊர் திரும்பவில்லையே! வழியில் அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) ஃபிலோமெலியம் நகரில், உதவிக்குப் படையுடன் வந்துகொண்டிருந்த பைசாந்தியப் பேரரசர் அலெக்சியஸைச் சந்தித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றார். பேரரசரும் படையைத் திருப்பிக்கொண்டார். ஜூன் 28 அன்று சிலுவைப் படையினர் கெர்போகாவைத் தாங்களாகவே முறியடித்தனர். பேரரசர் கைவிட்டுவிட்டார் என்பதையே காரணமாக்கி சிலுவைப் படைத் தலைவர்களில் ஒருவரான பொகெமண்ட், பேரரசரிடம் ஒப்படைக்க வேண்டிய அந்தியோக்கியாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். என் பார்வையில், களத்தை விட்டு விலகியதைவிட இந்தச் செய்தியைச் சொன்னதே பெரிய கேடு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் மீண்டும் கிழக்கே ஏன் சென்றார்?

மறுமொழி 1:
எருசலேம் செல்வதாக நேர்ந்துகொண்டதை நிறைவேற்றாதவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகப் போப் இரண்டாம் பாஸ்கல் எச்சரித்திருந்தார். அடேலாவும் விடாமல் வற்புறுத்தினார். கணவர் இல்லாதபோது ஆட்சியைத் திறம்பட நடத்திய அந்த அம்மையாருக்கு அவமானம் பொறுக்கவில்லை போலும். 1101இல் புறப்பட்ட புதிய படை அனத்தோலியாவில் சிதைந்தபோதிலும், ஸ்டீபன் இம்முறை எருசலேமை அடைந்துவிட்டார். வேண்டுதல் நிறைவேறியபின் ஊர் திரும்பக் கப்பலேறியவரை எதிர்க்காற்று யாப்பா துறைமுகத்துக்கே திருப்பிவிட்டது. அதனால்தான் 1102 மே மாதம், எதிரியின் பலத்தைச் சரியாக அறியாமல் சில நூறு குதிரை வீரர்களுடன் எகிப்தியப் படைமீது பாய்ந்த எருசலேம் அரசர் பால்ட்வினுடன் செல்ல நேர்ந்தது. பால்ட்வின் இரவோடிரவாகத் தப்பிவிட்டார். ஸ்டீபன் ரம்லாவில் கொல்லப்பட்டார்.