பிகினித் தீவில் நடமாடலாம், தேங்காய்தான் கூடாது: ஏன்?

வளைதிட்டு:
மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் 1946 முதல் 1958 வரை 23 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. சில நாள் தங்கிப் போனால் கவலையில்லை, ஆனால் அங்கே விளைந்ததையே தொடர்ந்து சாப்பிடக் கூடாது என்கிறார்கள். சிக்கல் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் என்பது தெரியும். அது தேங்காயில் மட்டும் ஏன் இவ்வளவு சேர்கிறது? சரிசெய்ய வழி உண்டா?

மண்ணாய்வு:
காரணம் மண். சாதாரண நிலத்தில் விழும் சீசியம், இல்லைட் போன்ற களிமண் கனிமங்களின் அடுக்குகளுக்குள் சிக்கிக்கொள்ளும். வேருக்குக் கிடைப்பது சொற்பம். பிகினியில் அந்தக் களிமண்ணே கிடையாது. பவளமும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்பு மணல், அதன்மேல் கறுத்த மட்கு, அவ்வளவுதான். பொட்டாசியமும் பஞ்சம். சீசியம் அதே வேதிக் குடும்பம் என்பதால், பொட்டாசியம் தேடும் வேர் அதையும் சேர்த்து இழுத்துவிடுகிறது.

தேங்காய் மட்டுமல்ல, தாழையும் ஈரப்பலாவும் இப்படித்தான். தேங்காயைத் தின்னும் தென்னை நண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் காயல் மீனில் சீசியம் குறைவு, கடல்நீரில் பொட்டாசியம் தாராளம். இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90ஐ மண்ணில் நிறைந்திருக்கும் கால்சியம் நீர்க்கச் செய்துவிடுகிறது.

சோதனைக்காக வெளியேற்றப்பட்டு 1970களில் திரும்பிக் குடியேறியவர்கள் பட்ட பாடு இதனால்தான். அவர்கள் உடலில் சீசியம் ஏறுவது அளவீட்டில் தெரிந்ததும், 1978இல் மறுபடி வெளியேற்றப்பட்டார்கள். தரைக்கு மேல் காமாக் கதிர்வீச்சை மட்டும் அளந்து தீவை மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தோப்புக்காரன்:
வழி உண்டு. நம்மூரில் தென்னைக்கு வைக்கும் அதே பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் பிகினியிலேயே பல ஆண்டுகள் சோதித்தது. போதிய அளவு போட்ட தோப்பில் தேங்காயின் சீசியம் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

மேல்மண்ணை 40 செ.மீ. ஆழத்துக்கு வாரி எடுப்பது இன்னொரு வழி. ஆனால் அங்கே மட்கு இருப்பதே அந்த அடுக்கில்தான். தீவு முழுக்க வாரினால் மிஞ்சுவது மொட்டை மணல், மரங்களும் போய்விடும். அதனால்தான் வீடுகளைச் சுற்றி மட்டும் வாரிவிட்டு நொறுக்கிய பவளச் சல்லி பரப்புவது, மற்ற நிலத்துக்குப் பொட்டாஷ் என்ற கலப்பு முறை முன்வைக்கப்பட்டது. என் கணிப்பிலும் அதுவே சரி.

காமாமானி:
சர்வதேச அணுசக்தி முகமையின் 1998 அறிக்கை, பரிகாரம் எதுவும் செய்யாமல் உள்ளூர் உணவையே உண்டு வாழ்ந்தால் உடலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு சேரும் என்று கணித்தது. அந்த நிலையில் நிரந்தரக் குடியேற்றம் வேண்டாம் என்றும் சொன்னது.

தேங்காயில் சீசியத்தை அளக்கும்போது வழக்கமாகச் சொதப்பும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பருப்பையும் நீரையும் தனித்தனியாகப் பிரித்து, உறையவைத்து உலர்த்தி, ஒரே அளவு டப்பாவில் அடைத்து, காமாக் கதிரை அளக்கும் ஜெர்மானியம் உணரியில், சீசியத்துக்கே உரிய 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கோட்டை எண்ண வேண்டும். முடிவை ஈர எடைக்கா உலர் எடைக்கா சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை. இளநீர்ப் பருவத்துக் காயையும் முற்றிய காயையும் கலக்கவே கூடாது. அடுத்தடுத்த மரங்களுக்குள்ளேயே வேறுபாடு பெரிது. எனவே பொட்டாஷ் போடும் முன்பே ஒவ்வொரு மரத்திலும் அளந்து, பிறகு அதே மரத்தோடு ஒப்பிட வேண்டும்.

வளைதிட்டு:
நன்றி. பொட்டாஷ் போட்டால் சீசியம் மண்ணைவிட்டுப் போய்விடுமா?

தோப்புக்காரன்:
போகாது. மண்ணிலேயே இருக்கும், மரம் எடுப்பது மட்டும்தான் குறையும். ஒருமுறை போட்டதன் பலன் பல ஆண்டுகள் நிற்கிறது, ஆனாலும் காயை அவ்வப்போது அளந்து, ஏறத் தொடங்கினால் மறுபடி போட வேண்டும்.

மண்ணாய்வு:
ஒரு நல்ல செய்தியும் உண்டு. சீசியத்தின் அரை ஆயுள், அதாவது தானாகச் சிதைந்து பாதியாகும் காலம், 30 ஆண்டு என்றாலும், மழைநீர் அதைக் கரைத்து வேருக்குக் கீழே நிலத்தடி நீருக்கு இறக்கிவிடுகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் தாவரங்களில் அது பாதியாக 8 முதல் 9 ஆண்டுகள்தான் ஆகிறது. 30 ஆண்டை மட்டும் வைத்துப் போட்ட பழைய கணக்குகளை அப்படியே எடுத்தாளாதீர்கள்.