வட அயர்லாந்து: பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைப்பது முதல் வேலையா, கடைசி வேலையா?

செழியன்:
வட அயர்லாந்தில் பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட் தரப்புக்கும் அயர்லாந்தோடு இணைய விரும்பும் கத்தோலிக்கத் தரப்புக்கும் இடையே 3,500 பேருக்கு மேல் பலிகொண்ட மோதல், 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்படிக்கையோடு பெரும்பாலும் ஓய்ந்தது. ஆனால் பிள்ளைகள் இன்றும் தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள். கத்தோலிக்கக் குழந்தைகளுக்குத் திருச்சபை சார்ந்த பள்ளி, புராட்டஸ்டன்ட் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அரசுப் பள்ளி. இரு தரப்பையும் திட்டமிட்டுச் சேர்க்கும் 'ஒருங்கிணைந்த பள்ளி'களில் படிப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட முதல் பள்ளியான லகன் காலேஜை 1981இல் 28 பிள்ளைகளோடு தொடங்கியவர்கள் பெற்றோர்தான், அரசு அல்ல. ஆசிரியர் பயிற்சியும் இரண்டாகத்தான் கிடக்கிறது. பெல்ஃபாஸ்டில் ஸ்ட்ரான்மில்லிஸ் ஒரு பக்கம், செயின்ட் மேரிஸ் இன்னொரு பக்கம்.

கோடை விடுமுறையில் இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சுற்றுலா அழைத்துப்போகும் திட்டங்களை எண்பதுகளில் நிறைய நடத்தினார்கள். ஊர் திரும்பியதும் அந்த நட்பு கரைந்தது. ஏன் என்பதற்கு விடை அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொன்னதில் இருக்கிறது. இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைத்தால்தான் முடியும் என்கிற வேலை, மேலே உள்ள அதிகாரத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் சந்திப்பு பலன் தரும். ஒரு வாரச் சுற்றுலாவில் இவை கிடைக்காது, ஏழு வருடப் பள்ளியில் கிடைக்கும். எனவே நல்லிணக்கத்துக்கான பணத்தை முதலில் பள்ளியில் கொட்ட வேண்டும் என்பது என் வாதம்.

நிலவன்:
உங்கள் நான்கில் முதலாவதே சம அந்தஸ்துதான். அதைப் பள்ளியால் உண்டாக்க முடியாது. எழுபதுகளில் கத்தோலிக்க ஆண்களிடையே வேலையின்மை புராட்டஸ்டன்ட் ஆண்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அப்போது வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து என்ன பயன்? அப்பாவுக்கு வேலை கிடைக்காத காரணம் பிள்ளைக்குத் தெரியும்.

இதை மாற்றியது சட்டம். வேலையில் மதப் பாகுபாட்டைத் தடுக்க 1976இல் வந்த முதல் சட்டம் தனிநபர் புகாரை நம்பியிருந்ததால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டம் சுமையை முதலாளி மேல் ஏற்றியது. இன்று பத்து ஊழியர்களுக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு தனியார் நிறுவனமும் சமத்துவ ஆணையத்தில் பதிவுசெய்து, ஊழியர்களில் எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள்சேர்ப்பு, பதவி உயர்வு இரண்டையும் தானே மறுஆய்வு செய்ய வேண்டும். தன் பின்னணியைச் சொல்ல மறுப்பவர் விஷயத்தில், படித்த தொடக்கப் பள்ளியை வைத்து நிறுவனம் கணிக்கலாம். வகுப்பில் யார் யாருடன் சிரித்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை, சம்பளப் பட்டியலை எண்ணினார்கள். மாற்றம் அதனால் வந்தது.

அடுத்தது காவல்துறை. பழைய ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரியில் கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதம். காவல்துறைச் சீர்திருத்தத்துக்காக அமைத்த பேட்டன் ஆணையம் சொன்னபடி 2001இல் பெயர், சின்னம், ஆள்சேர்ப்பு எல்லாம் மாறின. தேர்வில் தேறியவர்களின் பட்டியலிலிருந்து பாதிக் கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று எடுத்தார்கள். பத்து ஆண்டில் விகிதம் 30ஐ நெருங்கியது. வீட்டுக் கதவைத் தட்டும் காவலர் தன் ஆளாகவும் இருக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் பிள்ளையைக் கலப்புப் பள்ளிக்கு அனுப்பும் தைரியம் ஒரு தாய்க்கு வரும்.

செழியன்:
நீங்கள் கொடுத்த விவரமே என் பக்கம் பேசுகிறது, நிலவன். ஒருவர் எந்தத் தரப்பு என்று அறிய அரசாங்கச் சட்டமே தொடக்கப் பள்ளியின் பெயரை நம்பியிருக்கிறது என்றால், பிரிவினை எங்கே உற்பத்தியாகிறது?

இன்னொன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நீங்கள் புகழும் அந்தச் சட்டத்திலிருந்து பள்ளி ஆசிரியர்களுக்குப் பல பத்தாண்டுகள் விலக்கு இருந்தது. மதம் பார்த்து ஆசிரியரை நியமிப்பது சட்டப்படி செல்லும் என்ற நிலை. அந்த விலக்கை நீக்கும் சட்டம் 2022இல்தான் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2024இல். தொழிற்சாலையைத் திருத்தியவர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டார்கள்.

காவல்துறைக் கணக்கையும் முழுதாகச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி முறை 2011இல் முடிந்தது. அதன் பிறகு விகிதம் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. ஒதுக்கீட்டை எடுத்ததும் ஏறாமல் நின்றுபோகும் சமத்துவம் மனசுக்குள் இறங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நிலவன்:
அது நின்றதற்கு மனசைவிட உயிர்ப்பயம் பெரிய காரணம். 2011 ஏப்ரலில் ஓமாவில் ஓர் இளம் கத்தோலிக்கக் காவலரின் காருக்கு அடியில் குண்டு வைத்துக் கொன்றார்கள். குறிவைத்தவர்கள் உடன்படிக்கையை ஏற்காத குடியரசுவாதக் குழுவினர், அதாவது அயர்லாந்து இணைப்புக்காக ஆயுதம் ஏந்தியவர்கள். தன் சமூகத்திலிருந்து யாரும் காவல்துறையில் சேரக்கூடாது என்பதுதான் அந்தக் கொலை சொன்ன செய்தி. காலையில் காரை எடுக்கும்முன் குனிந்து அடியில் பார்த்துவிட்டுப் போகும் வேலைக்குத் தன் பிள்ளையை அனுப்ப எத்தனை குடும்பம் முன்வரும்? கலப்புப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தப் பயம் அதேதான்.

மீரா:
இரண்டு பேரும் 'சேர்ந்து படிப்பது நல்லது' என்பதைக் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொள்கிறீர்கள். இத்தாலியின் தெற்கு டிரோலைப் பாருங்கள். ஜெர்மன் பேசும் பெரும்பான்மை, இத்தாலியர், லாடின் என்ற மொழி பேசும் சிறுபான்மையினர். 1961 ஜூனில் ஒரே இரவில் ஜெர்மன் பேசும் பிரிவினைவாதிகள் மின்கோபுரங்களை வரிசையாகக் குண்டுவைத்துச் சாய்த்த இடம் அது. இன்று ஐரோப்பாவின் அமைதியான, வசதியான மாகாணங்களில் ஒன்று. அங்கே பள்ளிகளைக் கலக்கவில்லை. ஜெர்மன் பள்ளி வேறு, இத்தாலியப் பள்ளி வேறு. ஒவ்வொன்றிலும் மற்ற மொழி கட்டாயப் பாடம், சொல்லித்தருபவர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

1972ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் அரசு வேலைகளை மொழிக் குழுக்களின் மக்கள்தொகை விகிதப்படி பிரித்தது. வேலைக்கு இருமொழித் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். தன் மொழிக் குழு எது என்ற பிரகடனத்தை முத்திரையிட்ட உறையில் போல்சானோ நீதிமன்றம் பாதுகாக்கிறது. வரி வருவாயில் பெரும்பகுதி மாகாணத்துக்கே திரும்புகிறது. அங்குள்ள ஜெர்மன் மொழியினருக்காக ஆஸ்திரியா 1960இல் ஐ.நா.வுக்குக் கொண்டுபோன வழக்கு 1992இல் முறைப்படி முடித்துவைக்கப்பட்டது. தன் மொழி அழியாது என்ற உறுதி கிடைத்த சமூகம் அடுத்தவர் மொழியைப் பயமில்லாமல் கற்கிறது. கலக்கச் சொன்னால் சிறுபான்மைக்குக் காதில் விழுவது 'கரைந்துபோ' என்பதுதான்.

செழியன்:
தெற்கு டிரோலில் இரண்டு மொழிகள், அதனால் இரண்டு பள்ளிகளுக்கு ஒரு நியாயம் உண்டு. பெல்ஃபாஸ்டில் இரு தரப்பும் பேசுவது ஆங்கிலம். கணக்குப் பாடத்துக்கு இரண்டு கட்டடம் எதற்கு?

பொஸ்னியாவில் பேசுவதும் ஏறக்குறைய ஒரே மொழிதான். அங்கே பிரிவைப் பாதுகாத்ததன் விளைவு 'ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி'. ஒரே கட்டடம், குரோஷியப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் அல்லது ஒரு நேரம், போஸ்னியாக் (பொஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளுக்கு வேறொன்று. பாடத்திட்டம் வேறு, வரலாறு வேறு. சண்டைக்குப் பின் அகதிகள் ஊர் திரும்ப வசதியாக, தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது. இன்னும் போகவில்லை. யாய்ட்ஸே ஊரில் இன்னும் ஒரு பிரிவினைப் பள்ளி திறக்க அதிகாரிகள் முடிவெடுத்தபோது மாணவர்களே தெருவில் இறங்கினார்கள், 2017இல் அது கைவிடப்பட்டது. பிள்ளைகள் கேட்டது சேர்ந்து படிப்பதைத்தான்.

அதே நாட்டில் பிர்ச்கோ மாவட்டம் 2001இல் பள்ளிகளைக் கலந்தது. சர்வதேச மேற்பார்வையாளர் உத்தரவிட்டார், ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தினார்கள். தாய்மொழி போன்ற சில பாடங்களை மட்டும் தனியே வைத்து மற்றதை ஒரே வகுப்பில் நடத்துகிறார்கள்.

நிலவன்:
பிர்ச்கோவை எடுத்ததற்கு நன்றி. வரிசையைப் பாருங்கள். 2000இல் மாவட்டம் உருவானது, முதலில் ஒன்றானது காவல்துறை. அதே ஆண்டு அக்டோபரில் பள்ளிக் கட்டடத்தைப் பகிர்வது பற்றி மாணவர்களே ஊர்வலம் போய்க் கலவரம் செய்தார்கள். எல்லாத் தரப்புக்கும் பொதுவான காவலர்கள் அப்போது இல்லாதிருந்தால் அது எங்கே போய் முடிந்திருக்கும்? பள்ளிக் கலப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இன்னொன்றும் உண்டு: வாக்காளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு மேற்பார்வையாளர் போட்ட உத்தரவு அது. பெல்ஃபாஸ்டில் அப்படி யாரும் இல்லை, இருக்கவும் கூடாது.

யாழினி:
பள்ளி, காவல்துறை என்று இரண்டு பக்கமும் இழுக்கிறீர்கள், நடுவில் இரு தரப்புக் குடியிருப்புகளையும் பிரிக்கும் சுவர் நிற்கிறதே. வடக்கு பெல்ஃபாஸ்டின் ஹேசல்வுட் ஒருங்கிணைந்த தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே 2007இல் வேலிச் சுவர் எழுந்தது. உள்ளே சேர்ந்து விளையாடும் பிள்ளைகள், ஓரத்தில் பக்கத்து வீடுகளைக் காக்க உயரமான வேலி. பள்ளி கலந்தால் தெரு கலந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அலெக்ஸாண்ட்ரா பூங்காவை இரண்டாகப் பிளக்கும் இரும்புச் சுவர் எழுந்தது 1994 செப்டம்பர் 1 அன்று, குடியரசுவாத ஆயுதக் குழுவான ஐஆர்ஏ போர்நிறுத்தம் அறிவித்ததற்கு மறுநாள். அதில் ஒரு கதவு திறக்க 2011 வரை ஆனது, அதுவும் பகலில் சில மணி நேரம்தான். எல்லாச் சுவரையும் 2023க்குள் அகற்றுவோம் என்று 2013இல் அரசு இலக்கு வைத்தது. நிறைவேறவில்லை. கல் விழும் தூரத்தில் குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. அவர் கேட்பது நடைமுறையான விஷயங்கள்: கல்லுக்கு உடையாத ஜன்னல் கண்ணாடி, விளக்கு, கேமரா, கதவை யார் எத்தனை மணிக்குப் பூட்டுவார் என்ற உறுதி, புராட்டஸ்டன்ட் அமைப்புகளின் ஜூலை அணிவகுப்பு நாட்களில் கூடுதல் காவல். நிலவன் சொல்லும் காவல்துறை மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் கடைசி இரண்டும் கிடைக்காது. நல்லிணக்கப் பணத்தை முதலில் அந்த ஜன்னல்களில் போடுங்கள் என்பேன்.

செழியன்:
ஜன்னலுக்கு நான் எதிரியல்ல. ஆனால் 'தெரு தயாராகட்டும்' என்று காத்திருந்தால், தெரு தயாராக இருக்கும் இடத்திலும் கதவை மூடுகிறார்கள். இருக்கும் பள்ளியை ஒருங்கிணைந்ததாக மாற்ற வழி உண்டு. பெற்றோரில் 20 சதவீதம் பேர் எழுத்தில் கேட்டால் வாக்கெடுப்பு, பெரும்பான்மை கிடைத்தால் அமைச்சரின் முடிவுக்குப் போகும். பாங்கர் அகாடமியில் வாக்களித்த பெற்றோரில் ஐந்தில் நான்கு பேர் 'சரி' என்றார்கள். 2025 ஜனவரியில் கல்வி அமைச்சர் பால் கிவன் நிராகரித்தார். கத்தோலிக்க மாணவர் மிகக் குறைவு, போதிய அளவுக்குக் கூடும் வாய்ப்பில்லை என்பது காரணம். மாறுவதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும் என்றால் மாறுவது எப்படி?

நிலவன்:
அந்த விதி காரணமில்லாமல் வந்ததல்ல. மாறும் பள்ளி முதலாண்டுச் சேர்க்கையில் 10 சதவீதமாவது அந்தப் பள்ளியில் குறைவாக உள்ள தரப்பினரை எடுத்து, காலப்போக்கில் 30க்குப் போக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அது இல்லாவிட்டால் பெயர்ப்பலகை மட்டும் மாறும், வகுப்பில் மூன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சொன்ன சம அந்தஸ்து அங்கே எங்கே?

செழியன்:
அப்படியானால் 10ஐ நுழைவு நிபந்தனையாக வைக்காமல், ஐந்தாண்டு கெடு கொடுத்து, பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தும் விட்டு, எட்டாவிட்டால் தகுதியை ரத்துசெய்யுங்கள். ஒருங்கிணைந்த கல்வியை ஆதரிப்பது கல்வித் துறையின் கடமை என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் கேட்ட இடத்தில் முடியாது என்று சொல்வது அந்தக் கடமையில் எப்படிச் சேரும் என்பதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.