சூகே லியாங்கின் கடிதம்: எளிமை இல்லாமல் பெரிய இலட்சியம் நிற்குமா?

வைகறை:
சீனா மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்த காலத்தில், கி.பி. 234இல், அவற்றில் ஒன்றான ஷு நாட்டின் தலைமை அமைச்சர் சூகே லியாங், எட்டு வயது மகன் சானுக்கு எழுதியதாக வழங்கும் கடிதம் மிகச் சிறியது. ஆசைகளைக் குறைக்காமல் இலட்சியம் தெளியாது, மனம் அடங்காமல் நெடுந்தூரம் போக முடியாது என்பது அதன் சாரம். சீனாவில் இதன் பிற்பாதியை நான்கே எழுத்தாகச் சுருக்கித் தூரிகையால் எழுதி இன்றும் சுவரில் மாட்டுகிறார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்தவர் அல்ல அவர். "செங்டூவில் எனக்கு 800 முசுக்கட்டை மரங்களும் வளமில்லாத 15 சிங் (பழைய சீன நில அளவு) நிலமும் உண்டு. பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் அது போதும்" என்று அரசரிடமே சொன்னார். இறந்தபோது மிச்சமாகப் பட்டும் இல்லை, பணமும் இல்லை. எளிமைதான் இலட்சியத்துக்கு அடித்தளம் என்பது என் கட்சி.

கரிசல்மண்:
மறுக்கிறேன். 228 முதல் சாகும்வரை அவர் வடக்கே இருந்த எதிரியான வெய் நாட்டின்மேல் திரும்பத் திரும்பப் படையெடுத்தார். 263இல் ஷு சரணடைந்தபோது ஒப்படைத்த பதிவேட்டைப் பாருங்கள்: மக்கள் 9,40,000, படைவீரர் 1,02,000. ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரு சிப்பாய்! அமைச்சர் வீட்டில் பட்டு இல்லாததால் உழுகிறவன் சுமை குறைந்துவிடுமா? தனக்கென்று எதுவும் வேண்டாதவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம்.

வைகறை:
அது அவர் இறந்து 29 வருடம் கழித்து எடுத்த கணக்கு. இடையில் ஷு தளபதி ஜியாங் வெய் நடத்திய போர்களையும் சேர்த்து அவர் தலையில் கட்டாதீர்கள்.

கரிசல்மண்:
சரி, அது நியாயம். ஆனால் வழியைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே?

தேன்சிட்டு:
சூகே லியாங்கையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சோங் அரச மரபுக் காலத்து அமைச்சர் ஃபான் சோங்யானை எடுங்கள். இரண்டு வயதில் தகப்பனை இழந்தவர். கோயிலில் தங்கிப் படித்த நாளில் இரவே ஒரு பானை கஞ்சி காய்ச்சி வைப்பாராம். விடிவதற்குள் அது உறைந்துவிடும். கத்தியால் நான்காகக் கீறி, காலையில் இரண்டு துண்டு, மாலையில் இரண்டு துண்டு. தொட்டுக்கொள்ள நறுக்கிய உப்பிட்ட கீரை. பிறகு உயர்பதவிக்கு வந்து 1043இல் நிர்வாகச் சீர்திருத்தம் தொடங்கினார். இரண்டே வருடத்தில் அதை முடக்கிவிட்டார்கள். அப்புறமும் வீட்டுச் செலவைக் கூட்டவில்லை. சூசோவில் ஆயிரம் மூ என்ற சீன அளவுக்கு மேல் நிலம் வாங்கித் தன் குலத்து ஏழைகளுக்கு எழுதி வைத்தார். மிச்சம் எங்கே போகிறது என்று பார்த்தால் எளிமை உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கரிசல்மண்:
நிலம் எழுதி வைத்ததற்குக் கும்பிடுகிறேன். கஞ்சிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் எனக்கு ஆகாது. அது எளிமை இல்லை, வறுமை. விடுதியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தவன் நான். பதினொரு மணிக்கெல்லாம் எழுத்து மங்கும், கை நடுங்கும். அந்தப் பசி எனக்கு எந்த இலட்சியத்தையும் தெளிவாக்கவில்லை. கவிஞர் தாவ் யுவான்மிங் 405இல் எண்பது நாள் பார்த்த பதவியை உதறிவிட்டு வயலுக்குப் போனார் என்று கொண்டாடுகிறோம். பின்னாளில் சோற்றுக்காக அடுத்தவர் கதவைத் தட்டியதையும் அவரே கவிதையாக எழுதியிருக்கிறார். அதை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

தேன்சிட்டு:
ஒத்துக்கொள்கிறேன். தானே குறைத்துக்கொள்வது வேறு, இல்லாமல் கிடப்பது வேறு. ஃபான் விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது கஞ்சி இல்லை, கைநிறையச் சம்பளம் வந்த பிறகும் அவர் மாறாததுதான்.

வைகறை:
கடிதத்தைப் பெற்ற மகனுக்கு வருகிறேன். 263இல் வெய் தளபதி டெங் ஐ, சரணடைந்தால் லாங்யா அரசர் பட்டம் வாங்கித் தருவதாக சானுக்கு எழுதினார். சான் தூதனை வெட்டிவிட்டு மியான்சூவில் போரிட்டு மாண்டார், மூத்த மகனோடு. அந்தப் பட்டம் அவரை அசைக்கவில்லை. தகப்பன் எழுதிய எழுத்து வீண்போகவில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

கரிசல்மண்:
பட்டத்தை உதறியது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குமுன் ஹுவாங் சோங் என்ற அதிகாரி, கணவாய்களை உடனே பிடித்துவிடுவோம் என்று சானிடம் மன்றாடினார். சான் தயங்கினார். அதற்குள் டெங் ஐ சமவெளிக்கு இறங்கிவிட்டார்.