வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு: வண்டி, ரேஷன், கேஸ், பிள்ளைகள் சான்றிதழ்

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அதில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி, வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்குள் திரும்பிவிடுவது உறுதி என்றால் எதையும் தொட வேண்டாம். எப்போது வந்தீர்கள் என்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தமோ வேலை உத்தரவோ, அதன் நகல் ஒன்றை வண்டியிலேயே போட்டு வையுங்கள், போதும்.

தங்கப் போகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு முன்பே பழைய ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (ஆட்சேபமில்லாச் சான்று) வாங்குங்கள். நிலுவையில் ஒரு சலான் இருந்தாலும் விண்ணப்பம் நகராது, முதலில் அதைக் கட்டிவிடுங்கள். வண்டிக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். தாமதமே இங்கேதான், ஆர்டிஓவில் அல்ல. 30 நாளில் பதில் வராவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே கொள்ளலாம் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நம்பிப் போனால் புது ஊர் கவுன்ட்டரில் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

படிவம் 28இல் சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்த பிரதியும் வேண்டும், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பைக்கில் பெரும்பாலும் ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும். கிரீஸும் மண்ணும் அடைந்திருந்தால் எழுத்து விழாது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மெல்லிய தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். தாள் நகர்ந்தால் ஒரு எண் இரட்டையாகத் தெரியும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புது ஊரில் படிவம் 27, கூடவே அந்த மாநில வரி. வண்டியின் விலையையும் வயதையும் வைத்துத்தான் வரி கணக்காகும் என்பதால் வாங்கிய அன்றைய இன்வாய்ஸைத் தேடி எடுத்து வையுங்கள். பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புது ஆர்சி நகலும் புது வரி ரசீதும் கைக்கு வந்த பிறகுதான். ஆக, முதலில் முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்துதான் போகும். நம்பர் மாறியதும் இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் இரண்டிலும் மாற்றுங்கள். பாலிசியில் பழைய நம்பரே நின்றால் கிளெய்ம் நேரத்தில் இழுத்தடிக்கும்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. அடிக்கடி மாற்றலாகும் வேலை என்றால் பிஎச் (பாரத்) வரிசை நம்பரைப் பாருங்கள், மாநிலம் மாறினாலும் நம்பரை மாற்ற வேண்டாம். 2021 செப்டம்பரில் வந்தது. அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். தனியார் என்றால் நிறுவனம் படிவம் 60 தர வேண்டும். வரி இரண்டிரண்டு வருடமாக. வண்டி விலை 10 லட்சத்துக்குக் கீழே என்றால் 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. டீசலுக்கு 2 கூடும், மின்சார வண்டிக்கு 2 குறையும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்ட மறந்தால் அபராதம் நாள் கணக்கில் ஏறும், காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுக்கச் செல்லும். அதற்காக அலைய வேண்டாம்.

*

ரேஷனில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதை நம்பி வெளிமாநிலக் கடைக்குப் போனால் எல்லாருக்கும் கிடைக்காது. கார்டில் பிஎச்எச் (முன்னுரிமை), பிஎச்ஏஏ (அந்தியோதயா) என்று இருந்தால்தான் உண்டு. என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாதது) என்று இருந்தால் அது தமிழக அரசு கொடுப்பது, எல்லை தாண்டாது. முன்னுரிமைக் கார்டுக்கும் மத்திய ஒதுக்கீட்டு தானியம் மட்டும்தான்; நம்மூர் பருப்பு, பாமாயிலை அங்கே கேட்டால் முழிப்பார்கள். கைரேகை ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் வீட்டில் எல்லார் பெயரிலும் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வேறு தொகுதிக்கு மாறினால் படிவம் 6 என்பது பழைய கதை, 2022 ஆகஸ்டிலிருந்து மாறிவிட்டது. படிவம் 6 போட்டால் புது வாக்காளராகப் பதிவாகி, பெயர் இரண்டு இடத்தில் நிற்கும்.

*

கேஸ்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் லாரியில் ஏற்றாதீர்கள். இரண்டையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சரும் (இணைப்பை முடித்ததற்கான சீட்டு) டெபாசிட் பணமும் வாங்குங்கள். புது ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பு எடுக்கும்போது டெபாசிட் இன்றைய கணக்கில் கட்ட வேண்டும், பழைய தொகை போதாது. ரெகுலேட்டர் தொலைந்திருந்தால் அதற்குத் தனியாகப் பணம். அடுப்பு உங்களுடையது, எடுத்துப் போகலாம். ரப்பர் குழாய் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அங்கேயே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

*

பள்ளிப் பிள்ளைகள் இருப்பவர்கள் கவனிக்க. மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து வெளிமாநிலம் போனால் டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பார்கள். பள்ளி விடுமுறையில் அலுவலகத்தில் கூட்டம் அதிகம், முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். அந்த மாநில மொழியும் கட்டாயப் பாடமாகக் காத்திருக்கும்: கேரளத்தில் 2017லும், தெலங்கானாவில் 2018லும், மகாராஷ்டிரத்தில் 2020லும் சட்டமாகவே வந்துவிட்டது. இடையில் வந்து சேர்கிறவர்களுக்கு என்ன சலுகை என்று சேர்க்கும்போதே பள்ளியில் எழுத்தில் கேளுங்கள், தேர்வுக்கு முந்தைய மாதம் அல்ல.

சாதிச் சான்றிதழைச் சொந்த மாவட்டத்தில் கிளம்பும் முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிவிடுங்கள். பட்டியல்கள் மாநிலவாரியானவை. குடிபோன மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்கு இந்தச் சான்று உதவாது, ஆனால் மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் இதைத்தான் கேட்பார்கள். அப்பா பெயரின் எழுத்து டிசியிலும் ஆதாரிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையும் அப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னே ஒன்றில், பின்னே ஒன்றில் என்றிருந்தால் வெளிமாநில கிளார்க்குக்கு அது இரண்டு வேறு ஆட்கள்.